அவரவர் மொழியில் ஓர் உரையாடல்

செக் நாட்டவரும் ஸ்லோவாக்கியரும் சந்தித்தால் அவரவர் தாய்மொழியிலேயே பேசிக்கொள்கிறார்கள். நடுவே மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. ஐரோப்பிய மொழி வாழ்வின் அழகான வழக்கங்களில் இது ஒன்று. ஸ்லாவிய மொழிகள் யாவும் ஒரே மூதாதை மொழியிலிருந்து கிளைத்தவை. தண்ணீருக்கான ‘வோடா’ பிராகாவிலிருந்து மாஸ்கோ வரை ஏறக்குறைய அப்படியே கேட்கிறது. மேற்குக் கிளையைச் சேர்ந்த செக்கும் ஸ்லோவாக்கும் இன்னும் நெருக்கமானவை. 1843இல் லுடோவீட் ஷ்டூர், நடு ஸ்லோவாக்கியப் பேச்சுவழக்கை அடிப்படையாகக் கொண்டு ஸ்லோவாக்கிய எழுத்துமொழியை வகுக்கத் தொடங்கினார். அதற்கு முன் அங்குள்ள லூத்தரன் சபையினர் செக்கிலேயே எழுதிவந்தனர்.

ஆனாலும் உறவு மட்டும் புரிதலைத் தந்துவிடாது. காது பழக வேண்டும். செக்கோஸ்லோவாக்கியா ஒரே நாடாக இருந்தவரை வானொலியும் தொலைக்காட்சியும் இரு மொழிகளையும் கலந்தே ஒலித்தன. பிள்ளைகள் பாடம் படிக்காமலே இரண்டையும் உள்வாங்கினர். எத்தனை இலவசமான கல்வி அது! 1993இல் நாடு பிரிந்தது. செக் நூல்களும் செக் குரல்சேர்ப்புப் படங்களும் ஸ்லோவாக்கியாவில் தொடர்ந்து புழங்குவதால் அங்குள்ள இளைஞர் செக்கை எளிதில் புரிந்துகொள்கின்றனர். எதிர்த்திசையில் ஓட்டம் குறைவு. செக் சிறுவர்களுக்கு ஸ்லோவாக் சற்றே அந்நியமாகி வருகிறது. செக் நிர்வாகச் சட்டமோ அரசு அலுவலகங்களில் ஸ்லோவாக்கில் பேசவும் மனு அளிக்கவும் இன்றும் இடமளிக்கிறது.