அவிழாத முடிச்சும் பல்குரல் மொழியும்: காடாவின் துப்பறியும் புதினத்தை முன்வைத்து

துப்பறியும் கதை தமிழுக்குப் புதிதன்று. பண்டித நடேச சாஸ்திரியார் 1894இல் வெளியிட்ட 'தானவன்' இவ்வகைக்கு முன்னோடி என்பர். அதன் நாயகன் ஒரு போலீஸ் நிபுணன். ஆயினும், பின்னர்ப் புகழ்பெற்ற துப்பறிவாளர் பலர் காவல் துறைக்குப் புறத்தே நின்றவர்களே. தேவனின் சாம்பு வங்கி எழுத்தர். தமிழ்வாணனின் சங்கர்லால் தனியார் துப்பறிவாளர். சுஜாதாவின் கணேஷ் வழக்குரைஞர். அறிவாலோ, சாம்புவைப் போல் குருட்டு அதிர்ஷ்டத்தாலோ, இவர்கள் இறுதியில் முடிச்சை அவிழ்த்துவிடுவர்.

முடிச்சை அவிழ்க்காமலே கதையை நிறுத்தியவர் இத்தாலிய எழுத்தாளர் கார்லோ எமீலியோ காடா (1893-1973). தொழிலால் இவர் ஒரு பொறியாளர். மெருலானா தெருவில் நேர்ந்த விகாரமான குழறுபடி எனப் பொருள்படும் தலைப்புடைய இவரது புதினம், 1946இல் இதழொன்றில் தொடராக வெளிவரத் தொடங்கி 1957இல் நூலாயிற்று. கதை நிகழ்வது 1927ஆம் ஆண்டு, முசோலினி ஆட்சிக்கால ரோமாபுரியில். 219ஆம் எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு விதவையின் நகைகள் களவுபோகின்றன. சில நாள்களுக்குள் அதே கட்டடத்தில் லிலியானா பல்தூச்சி என்னும் மாது கொலையுண்டு கிடக்கிறாள். புலனாய்வை ஏற்கும் காவல் அதிகாரி இங்கிராவால்லோ, அவ்வீட்டில் விருந்துண்டு பழகியவர். ஆகவே, அவருக்கு இது வெறும் வழக்கன்று.

எந்தக் குற்றத்திற்கும் ஒற்றைக் காரணம் கிடையாது; பல காற்றுகள் கூடிச் சுழலாவதுபோல் பல காரணங்கள் ஒரு புள்ளியில் குவிகின்றன என்பது அவரது கொள்கை. கொள்கை இதுவாயின், குற்றவாளியின் பெயரைச் சொல்லி நூலை முடிப்பது முரணாகும். களவுபோன நகைகள் ஊர்ப்புறத்து இரயில் கடவையோர வீடொன்றில் கிடைத்துவிடுகின்றன. கொலைக்கோ முடிவான விடை இல்லை. இறுதியில் பணிப்பெண் ஒருத்தியின் சீற்றம் மிகுந்த மறுப்பின்முன் அதிகாரி திகைத்து நிற்க, புதினம் நின்றுவிடுகிறது. இதனைக் குறை எனக் கொள்வாரும் உளர். ஆனால், தொடரில் ஐயத்தை ஒருவர்மீது வெளிப்படையாகச் செலுத்திய பகுதியை நூலாக்கத்தின்போது ஆசிரியரே நீக்கினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்நூலின் உயிர்நிலை அதன் மொழியே. விதவை வெனிசு வழக்கில் பேசுகிறாள். அண்டை வீட்டார் ரோமாபுரி வழக்கில். இங்கிராவால்லோவின் பேச்சில் மொலீசே மண் ஒட்டியிருக்கிறது. இவற்றிடையே அலுவலக அறிக்கையின் விறைத்த இத்தாலியமும் உண்டு. வட்டார வழக்குகளை ஒடுக்க முயன்ற ஓர் ஆட்சியின் காலத்தைக் காடா வட்டார வழக்குகளாலேயே எழுதிக் காட்டுகிறார்.

செலாயாங்கில் வாழ்வோர்க்கு இது அயலானதன்று. அங்குள்ள மொத்தச் சந்தையில் விடியுமுன் தமிழும் மலாயும் சீனமும் பர்மிய மொழியும் கலந்தொலிக்கும். அங்கே ஒரு குற்றம் நேர்ந்து, தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் ஒருவர் சாட்சியாயின், அவர் சொல் மொழிபெயர்க்கப்பட்டு மலாய் வாக்குமூலமாகவே கோப்பில் ஏறும். அந்த இடைவெளியில் எது உதிர்ந்தது? இவ்வினாவைப் பொருளாக்கும் புதினம் மலேசியத் தமிழுக்குத் தேவை. 'கலப்பு மொழி' எனப் புள்ளி குறைக்கும் நம் நடுவர்கள் அதற்கு எளிதில் இடங்கொடுப்பார்களா என்பது வேறு கதை.

காடாவைத் தமிழாக்க முற்படுவோர்க்கும் இதே சிக்கல் எழும். விதவையின் வெனிசு வழக்கிற்கு எந்தத் தமிழ் ஈடாகும்? பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றக் குடியேறிய யாழ்ப்பாணத்தார் தமிழைத் தரலாம். பணிப்பெண்களுக்குத் தோட்டப்புறத் தமிழைத் தரலாம். அவ்வாறு செய்தால், எழுத்தர் குடும்பங்களுக்கும் பால்மரத் தொழிலாளர்க்கும் இடையிருந்த இடைவெளி, மூலத்தில் இல்லாத பொருளாக உள்ளே நுழைந்துவிடும். செந்தமிழால் எல்லாரையும் பேசவைத்தாலோ, அக்கட்டடத்தில் ஒரே ஒருவர்தாம் குடியிருப்பார். முன்னதே ஏற்கத்தக்க இழப்பு என்பது என் கருத்து.