வேப்பூர் கூட்டுரோட்டிலிருந்து நூறு கிலோமீட்டர்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் எல்லாரும் வேப்பூரைக் கடக்கிறார்கள். பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? பேருந்து ஜன்னலில் ஒரு மேம்பாலம், நாலு ஓட்டல், "விருத்தாசலம், சேலம்" என்று கைகாட்டும் ஒரு பலகை, அவ்வளவுதான். அதே கூட்டுரோட்டில் விடியற்காலையில் சைக்கிளை நிறுத்தி, டயரில் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்பிப் பாருங்கள். வேப்பூர், விருத்தாசலம், பெண்ணாடம், திட்டக்குடி, தொழுதூர், மறுபடி வேப்பூர்: ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் கண்ணுக்கு இவ்வளவு தீனி போடும் வட்டம் தமிழ்நாட்டில் இன்னொன்று உண்டா என்று கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

கிளம்புவதானால் வெள்ளிக்கிழமை கிளம்புங்கள். அன்றைக்குத்தான் வேப்பூர் ஆட்டுச்சந்தை. இருட்டு பிரியும் முன்பே குட்டியானை வண்டிகளும் மினி லாரிகளும் வந்து குவிந்துவிடும். இருசக்கர வண்டியில் இரண்டு பேருக்கு நடுவே ஓர் ஆடு நிமிர்ந்து உட்கார்ந்து வரும். வெள்ளாடு, செம்மறி, காது தொங்கும் கிடா, அப்போதுதான் பால் மறந்த குட்டி என்று மண்தரையே தெரியாத அளவுக்கு ஆடுகள். முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்த்தே கறி எவ்வளவு தேறும் என்று சொல்லும் பெரியவர்களை எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. தீபாவளி, பக்ரீத் சமயங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகக்கூட வழி இருக்காது.

விருத்தாசலம் நெருங்கும்போது மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்றே அமைந்த சாமி என்று இவரை நான் கொண்டாடுவேன். இங்கே முருகனுக்கு உருவம் கிடையாது, பலிபீடம்தான் மூலவர். குறை உள்ளவர்கள் அதைத் தாளில் எழுதி, முனியப்பர் சந்நிதியில் பிராது கட்டுகிறார்கள். ஊர், பேர், வழக்கு எல்லாம் அதில் இருக்கும். கோயிலிலிருந்து அவரவர் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு, அதற்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும். சாமி அத்தனை தூரம் போய் விசாரித்து வர வேண்டும் அல்லவா! வேண்டுதல் பலித்தால் திரும்ப வந்து பிராதை ராஜினாமா செய்கிறார்கள். தூரத்தை மதிக்கிற தெய்வம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, காற்றில் ஆடும் அந்தக் காகிதச் சுருள்களைப் பார்த்தபடி நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

ஊருக்குள் பழமலைநாதர் கோயில். கோபுரம், பிராகாரம், தேர் என்று இங்கே எல்லாம் ஐந்தைந்து. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கருங்கல்லில் எடுப்பித்த திருப்பணி. படியிறங்கிப் பார்க்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையாரை மட்டும் தவறவிடாதீர்கள்.

என் மனசு முழுக்க இருப்பது விருத்தாசலத்தின் செராமிக் பட்டறைகள்தான். வாசலில் நின்று "பார்க்கலாமா அண்ணே?" என்று கேட்டால் போதும், "வாங்க தம்பி" என்று உள்ளே விடுவார்கள். வெள்ளைக் களிமண்ணை அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் மண் ஒரு தோலாகப் படிகிறது. வேண்டிய கனம் சேர்ந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, சற்று இறுகவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு யானை! பச்சை மண், விரல் நகம் பட்டாலும் காயம்படும். அச்சு சேர்ந்த கோட்டைக் கத்தி முனையால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாகக் காயவைப்பார்கள். பிறகுதான் சூளையும் பளபளப்புப் பூச்சும் வண்ணமும். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் போனால், கண் எழுதாத நூற்றுக்கணக்கான வெள்ளை யானைகள், வெள்ளைச் செட்டியார்கள், வெள்ளைப் பிள்ளையார்கள் வெயிலில் பலகை பலகையாக நிற்பதைக் காணலாம். எந்த அருங்காட்சியகத்திலும் இப்படி ஒரு காட்சி எனக்குக் கிடைத்ததில்லை. மின்சார ஃபியூஸ் கட்டைகளும் இதே ஊரில்தான் செய்கிறார்கள். கட்டைவிரல் உயரத்தில் ஒரு பொம்மையை வாங்கி, கைக்குட்டையில் சுற்றி, ஜெர்சியின் முதுகுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எடையே தெரியாது.

தெற்கே பெண்ணாடம் சாலை. தை, மாசியில் வந்தால் சாலையின் பாதி மக்காச்சோளத்துக்குச் சொந்தம். மைல் கணக்கில் தங்க நிறம். பக்கத்தில் மூங்கில் துடைப்பத்தோடு அம்மாக்கள். "ஓரமா போ சாமி, மணி மேல ஏத்திடாதே" என்று ஒரு குரல் வரும். மெல்லிய டயருக்கு அந்த மணிகள் ஆகாது. வேகத்தைக் குறைத்து, நடுச்சாலையில் வண்டி வராத நேரம் பார்த்து நகர வேண்டும். குறைத்த வேகத்தில் காய்கிற சோளத்தின் வாசனை மூக்கில் ஏறும்; அதற்காகவே குறைக்கலாம்.

பெண்ணாடம் கோயிலின் பெயர் திருத்தூங்கானைமாடம். விமானத்தைப் பின்பக்கமாகச் சுற்றி வந்தால் பெயர் கண் முன்னே நிற்கிறது: படுத்துறங்கும் யானையின் முதுகு அப்படியே கல்லில் வளைந்திருக்கிறது. சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊரும் இதுதான். பெரியபுராணக் கணக்குப்படி, ஏழாம் நூற்றாண்டில் சின்னப் பிள்ளையான சம்பந்தர் இங்கே கும்பிட்டுவிட்டு, அப்பா தோளில் ஏற மறுத்து, திருநெல்வாயில் அரத்துறைக்கு நடந்தே புறப்பட்டார். பிஞ்சுக் கால் வலித்தது. வழியில் மாறன்பாடியில் இரவு தங்கினார். விடிந்ததும் சிவன் அருளிய முத்துப் பல்லக்கும் குடையும் வந்து சேர்ந்தன. அந்த அரத்துறைதான் இன்றைய திருவட்டத்துறை, வெள்ளாற்றங்கரையில். அந்தச் சாலையில் கால் கடுக்க மிதித்துப் போய்க் கோயில் வாசலில் இறங்கும்போது, அந்தப் பிள்ளையின் வலி கதையாகத் தெரிவதில்லை. ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்தும் அதே தூரம், அதே ஆறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்?

நேரக் கணக்கு வைத்து ஓட்டுகிறவர்களையும் எனக்குப் பிடிக்கும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் ப்ரெவே சவாரிகள் நம் ஊரிலும் நடக்கின்றன. அவற்றின் தாய்வீடு பிரான்சு. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. ஆனால் வேப்பூர் வட்டத்துக்குக் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

திட்டக்குடி தாண்டியதும் வெலிங்டன் ஏரி. வெள்ளாற்றைத் தொழுதூரில் மறித்து, கால்வாய் வழியாக நீர் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். 1923-ல் கட்டி முடித்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்த வருஷமானால், வறண்ட மானாவாரிக் காடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அத்தனை தண்ணீரை நம்பவே சற்று நேரமாகும். கரையில் நின்றால் எதிர்க்காற்று சட்டையைப் பறிக்கும். நீர்க்காகம் இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும்.

தொழுதூரில் வடக்கே திரும்பினால் நெடுஞ்சாலை வழியாக வேப்பூர். காலில் இன்னும் பலம் இருந்தால் தெற்கே திரும்புங்கள். கொஞ்ச தூரம் போனால் சாலையோரமே ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட இடம். அடுக்கடுக்காக ஏறும் மதில்களின் உச்சிக்குப் போய்விட்டால், கீழே லாரிகளும் நாலாபக்கமும் பருத்தி, சோளக் கொல்லைகளும் விரிந்து கிடக்கும். வெயில் ஏறும் முன்பே போய்விடுங்கள். தண்ணீரைத் தொழுதூர் டீக்கடையிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.