விருப்பத்துக்கு ஒரு பாடவேளை

வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, மாணவர் தமக்குப் பிடித்ததைத் தேடிப் படிக்க விடும் முறை பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. இலங்கையில் பூண்டுலோயா போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளின் பாடசாலைகளுக்கும் இது வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் நேரத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், வீட்டில் புத்தகமும் இணையமும் உள்ள பிள்ளையே பயனடையும்.

முதலில் இதன் பலம். தோட்டப் பிள்ளையின் உலகம் பாடநூலுக்குள் அரிதாகவே வருகிறது. மழை தொடர்ந்தால் எந்தச் சரிவில் மண் இறங்கும்? டன்சினன் நீர்வீழ்ச்சியின் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது? அம்மா பறித்த பச்சைக் கொழுந்து தொழிற்சாலையில் எப்படிக் கறுப்பாகிறது? கடைசிக் கேள்வி வாட்டுதல், அரைத்தல் வழியே ஒட்சியேற்றத்தில் கொண்டுபோய் விடும். அது இரசாயனப் பாடமேதான். தன் கேள்விக்கு விடை தேடும் பிள்ளை அளக்கவும், குறித்து வைக்கவும், பெரியவர்களிடம் விசாரிக்கவும் பழகுகிறது.

குறைகளும் சிறியவையல்ல. கண்டதிலும் கேட்டதிலும் இருந்தே விருப்பம் பிறக்கும். நல்ல நூலகமோ ஆய்வுகூடமோ பார்த்திராத பிள்ளை எதைத் தெரிவு செய்யும்? விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடசாலையில் யார் வழிகாட்டுவது?

நம் நாட்டு அனுபவமும் எச்சரிக்கிறது. 1972 கல்விச் சீர்திருத்தம் அந்தந்த ஊர்த் தொழிலை ஒட்டிய தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அவை கைவிடப்பட்டன. ஊர்த் தொழிலைப் பிள்ளைக்காகப் பாடசாலையே தெரிவு செய்ததுதான் அந்தச் சீர்திருத்தத்தின் அடிப்படைக் குறை. தோட்டத்தில் இந்தத் தவறு இன்னும் கொடியது: கொழுந்துக் கூடையிலிருந்து விடுபடத்தான் பெற்றோர் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். இன்னொரு எச்சரிக்கை பரீட்சை பற்றியது. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றுக்கும் இடம் கொடுத்தது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது முதல் இரண்டும் சுருங்கி, வினாத்தாள் பயிற்சியே மிஞ்சுகிறது.

ஆகவே, இந்தப் பாடவேளையைத் தரம் 6 முதல் 8 வரை நடத்துவதே பொருத்தம். புலமைப்பரிசில் முடிந்திருக்கும், சாதாரண தரப் பரீட்சையின் நெருக்கடி இன்னும் வந்திராது. பிள்ளை தன் கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். தவணை முடிவில் கண்டறிந்ததைப் பெற்றோர் முன் சொல்ல வேண்டும். புள்ளி வேண்டாம், புள்ளி வந்தால் டியூசனும் வரும். தெரிவுக்கு முன்பே வானியல், இசை, இயந்திரம், வரலாறு எனத் தோட்டத்துக்கு அப்பாலுள்ளவற்றை ஆசிரியர் அறிமுகப்படுத்த வேண்டும். அவற்றுக்கான நூல்களையும் கருவிகளையும் அனுப்புவது வலயக் கல்வி அலுவலகத்தின் கடமை.

முதலாம் தவணையில் கேட்கத் தெரியாத கேள்வியைப் பிள்ளை மூன்றாம் தவணையில் கேட்டால் இந்த முறை வென்றது. அதே கேள்வியோடு நின்றால் குறை பிள்ளையிடம் இல்லை. நேரத்தைத் தந்து மற்றதைத் தராத நம்மிடம்தான் இருக்கிறது.