நான்கில் பாதி, இரண்டில் பாதி

எங்கள் விருத்தகிரீசுவரர் கோயில் கோஷ்டத்தில் நின்றிருந்த அர்த்தநாரி சிலை திருடுபோய், 2004இல் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அதை டெல்லியில் திருப்பிக் கொடுத்தார். அதைப் பற்றி எழுதச் சொன்னால் என் மாணவிகள் 'ஆணும் பெண்ணும் சமம் என்று அன்றே சொன்ன கலை' என்று முடிக்கிறார்கள். ஆய்வு மாணவியாக இருந்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன்.

இப்போது கைகளை எண்ணச் சொல்கிறேன். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள திருவெண்காட்டு அர்த்தநாரி செப்புத்திருமேனியில் சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒன்று. சிற்பி தவறு செய்யவில்லை. சிவனுக்கு நான்கு கை. அவன் அருகில் நிற்கும் தேவிக்கு இரண்டே கை. நான்கில் பாதி இரண்டு, இரண்டில் பாதி ஒன்று. வெட்டியது சரிபாதிதான், வெட்டப்பட்ட முழுமைகள்தான் சமமில்லை. அதே தேவி தனிச் சன்னிதியில் நின்றால் நான்கு கை பெறுகிறாள். துர்க்கையானால் எட்டும் உண்டு.

இக்கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவி. கணவர் கண்டராதித்தர் இறந்த பிறகு ஊர் ஊராகக் கோயில் எழுப்பியவர். துணை அருகில் இல்லாதபோதுதான் அரசிக்கும் கைகள் பெருகின. அப்போதும் கல்வெட்டுகள் அவரை உத்தம சோழனைப் பெற்றவராகவே அடையாளம் காட்டுகின்றன.

பெண்ணுருவைக் குறைப்பது சிற்ப இலக்கணம் மட்டுமல்ல, பார்ப்பவர்களும்தான். பௌத்தத் தாரையின் கதையில், ஆண் பிறப்பு வேண்டிக்கொள் என்று பிக்குகள் சொல்கிறார்கள். பெண்ணுடம்போடுதான் ஞானம் அடைவேன் என்று அவள் சூளுரைக்கிறாள். இலங்கையின் கிழக்குக் கரையில் கிடைத்த எட்டாம் நூற்றாண்டுத் தாரை சிலை 1830இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. திறந்த மார்பைக் காரணம் காட்டி அவளை ஏறத்தாழ 30 ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் வைத்தார்கள். பிக்குகளுக்கு இடறிய அதே உடம்புதான் அவர்களுக்கும் இடறியது.

ஆகவே 'சரிபாதி' என்று யாராவது புகழும்போது, எதில் பாதி என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டு வேலையிலா, சொத்திலா, கூலியிலா?

எங்கள் ஊர் செராமிக் பட்டறைகளில் கொலு பொம்மை செய்பவர்களில் பெண்கள் நிறைய. போன நவராத்திரிக்கு முன் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அச்சிலிருந்து எடுத்த அம்மன் உடலில் ஓர் அக்கா கைகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். எட்டுக் கை அம்மன். உமைக்கு ஒரு கைதான் என்ற என் கண்டுபிடிப்பை அவரிடம் ஆர்வமாகச் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "கை கூடக்கூட வேலதான் கூடுது மேடம். கூலி அதேதான்."

அடுத்த கையை எடுத்து ஒட்டினார்.