ஒரே பறவை, இரண்டு கைவண்ணம்

காற்றோடு பேரம் பேச முடியாது. வேகம் இரு மடங்காக வேண்டுமா, ஆற்றலை எட்டு மடங்காக்கு என்று கறாராகச் சொல்லிவிடும். 1939 ஏப்ரலில் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் வெண்டல், சாதனைக்கென்றே செய்யப்பட்ட மெஸர்ஷ்மிட் 209 விமானத்தை மணிக்கு 755 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். பிஸ்டன் என்ஜின் விமானங்களில் இந்த வேகத்தை மிஞ்ச 30 ஆண்டுகள் ஆயின. மிஞ்சியதும் புது விமானம் அல்ல. அமெரிக்கக் கடற்படை கழித்துவிட்ட க்ரம்மன் பேர்கேட் என்ற பழைய போர் விமானம்.

1969-ல் டாரில் க்ரீனமையர் அதைச் சாதித்தார். நடுவில் 1979-ல் மஸ்டாங் என்ற வேறொரு வகைப் போர் விமானம் அந்தப் பட்டத்தை வாங்கியது. 1989-ல் லைல் ஷெல்டன் மறுபடியும் ஒரு பேர்கேட்டில் வந்து அதைப் பறித்தார். இருவர் கையிலும் இருந்தது ஒரே வகை விமானம். ஒருவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டே போனார். மற்றவர் அதற்குள் கொண்டுவந்து சேர்த்தார். இந்த இரண்டு கைவண்ணங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சுகம் எனக்கு அலுப்பதே இல்லை.

பேர்கேட்டே ஓர் அழகான பிடிவாதத்தில் பிறந்தது. 18 சிலிண்டர்களும் 46 லிட்டர் கொள்ளளவும் கொண்ட ஆர்-2800 என்ஜினைச் சுமக்க எவ்வளவு சிறிய உடல் போதுமோ, அவ்வளவுதான் உடல். 1944 ஆகஸ்ட்டில் முதன்முதலாகப் பறந்தது. போர்முனையைக் காணும் முன்பே போர் முடிந்துவிட்டது. எடைக்கு அஞ்சிய அதன் பொறியாளர்கள், பாரம் மிதமிஞ்சினால் இறக்கை நுனிகள் தாமாக முறிந்து விழும்படி வடிவமைத்தார்கள். முழு இறக்கையையும் கனமாகக் கட்டுவதைவிட நுனியை இழப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. ஒரு நுனி முறிந்து மறு நுனி நின்றுவிடும் ஆபத்தால் பிறகு அதைக் கைவிட்டார்கள். ஆனாலும், நுனி இல்லாமலும் இந்தப் பறவை பறக்கும் என்ற எண்ணம் அதன் பிறப்பிலேயே இருந்தது.

லாக்ஹீட் நிறுவனத்தில் சோதனை விமானியாக இருந்த க்ரீனமையர் அந்த எண்ணத்தை முடிவுவரை கொண்டுபோனார். இரு இறக்கைகளிலும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெட்டினார். எதிரியைத் தேடச் சுற்றிலும் பார்க்க வேண்டிய போர் விமானிக்குத்தான் பெரிய கண்ணாடிக் கூண்டு தேவை. பந்தயக்காரருக்குத் தலை நுழைந்தால் போதும். சின்னஞ்சிறு பந்தய விமானங்களின் கூண்டு போன்ற ஒன்றை மாட்டினார். சக்கரங்களை மடக்கும் ஹைட்ராலிக் அமைப்பும் போனது. ஒருமுறை மடங்கினால் போதுமே, அதற்கு ஒரு நைட்ரஜன் உருளை இருக்கிறது. புரொப்பெல்லர் ஸ்கைரெய்டர் தாக்குதல் விமானத்துடையது. அதன் நடுவில் இருக்கும் மூக்குக் கூம்பு மஸ்டாங்குடையது.

இவை எல்லாவற்றையும்விட நான் வியப்பது எண்ணெய் விஷயத்தில் அவர் செய்த வேலையை. பேர்கேட்டின் என்ஜின் எண்ணெயைக் குளிர்விக்க இறக்கை உடலோடு சேரும் இடத்தில், முன்விளிம்பில், காற்று புகும் வாய்கள் உண்டு. உள்ளே புகும் காற்று எண்ணெயைக் குளிர்விக்கும், விமானத்தையும் பிடித்து இழுக்கும். க்ரீனமையர் அந்த வழியையே விட்டுவிட்டார். சூடான எண்ணெயை ஒரு திரவத் தொட்டிக்குள் செலுத்தினார். திரவம் கொதித்து ஆவியாகும், வெப்பம் ஆவியோடு வெளியேறும். திரவம் தீர்ந்தால் குளிர்ச்சியும் தீர்ந்தது. தீரட்டுமே! சாதனைக்குத் தேவை சில நிமிடங்கள். மணிக்கணக்கில் பறக்கப் பிறந்த இயந்திரத்திடம், இந்தச் சில நிமிடங்களுக்கு மேல் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லும் துணிவு அது.

ஷெல்டனின் ரசனை நேர் எதிர். இந்தியானா மாநிலத்தின் வால்பரைசோவில் சிதைந்து கிடந்த ஒரு பேர்கேட்டை 1969-ல் கண்டெடுத்தார். ‘ரேர் பேர்’ என்று பின்னாளில் புகழ்பெற்ற அதற்குள் அவர் ஏற்றியது ஆர்-3350 என்ஜின். பி-29 குண்டுவீச்சு விமானத்தையும் சூப்பர் கான்ஸ்டலேஷன் பயணிகள் விமானத்தையும் சுமந்த 55 லிட்டர் அசுரன். அதையும் அப்படியே ஏற்றவில்லை. வெவ்வேறு மாடல்களின் பாகங்களைப் பொறுக்கிக் கோத்தார்கள். காற்றை அளவுக்கு மேல் அழுத்தி ஊட்டினால் சிலிண்டருக்குள் எரிபொருள் நேரத்துக்கு முன் வெடித்து என்ஜினையே உடைத்துவிடும். தண்ணீரும் மெத்தனாலும் கலந்து உள்ளே பீய்ச்சினால் அது ஆவியாகும்போது சூட்டை விழுங்கிக்கொள்ளும். இன்னும் அழுத்தி ஊட்டலாம். இதற்கு மேல் நைட்ரஸ் ஆக்சைடும் சேர்ந்தது.

1989 ஆகஸ்ட் 21-ல் ‘ரேர் பேர்’ மணிக்கு 850 கிலோமீட்டரைத் தொட்டது. ஷெல்டன் தேர்ந்த இடம்கூட ஒரு நயம். நியூ மெக்சிகோவின் லாஸ் வேகாஸ் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். காற்று அங்கே மெலிது, அதனால் தடையும் குறைவு. என்ஜினுக்குக் குறையும் காற்றை சூப்பர்சார்ஜர் ஈடுகட்டும். வெண்டலின் வேகத்தைவிட இந்த 850 எட்டில் ஒரு பங்குதான் கூடுதல். ஒரே உடலாக இருந்தால் அதற்கு 40 சதவீதத்துக்கும் அதிகமான ஆற்றல் வேண்டும்.

நுணுக்கத்தை ரசிக்கிறவன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் ‘கேலப்பிங் கோஸ்ட்’ என்ற மஸ்டாங் விழுந்து, விமானியும் பார்வையாளர்கள் பத்துப் பேரும் இறந்தார்கள். வால் பகுதியில் அசையும் சிறு தகடு ஒன்றில் தளர்ந்த திருகுகளே அதற்கு வழிவிட்டன என்று விசாரணை கண்டது. இந்தக் கலையில் சின்ன விஷயம் என்று எதுவும் இல்லை.

வேகத்தில் வென்றவர் ஷெல்டன். என் மனம் சாய்வது க்ரீனமையரின் பக்கம். பெரிய என்ஜினைத் தேடிக் கொண்டுவர உழைப்பும் பணமும் வேண்டும். எது இல்லாவிட்டாலும் பறக்கலாம் என்று தெரிந்துகொள்ள, விமானத்தின் ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்பது அத்துபடியாக இருக்க வேண்டும். அவருடைய மஞ்சள் ‘கான்க்வெஸ்ட் ஒன்’ இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் அதில் இல்லாதவற்றை முதலில் பாருங்கள். கலை அங்கேதான் இருக்கிறது.