நாட்குறிப்பில் எழுதாமல் விட்டவை

1853 ஏப்ரல் 9. அமீலியா ஸ்டூவர்ட் நைட், கணவரோடும் ஏழு பிள்ளைகளோடும் அயோவாவிலிருந்து ஓரிகனுக்குக் கூண்டு வண்டியில் புறப்படுகிறார். அன்றே நாட்குறிப்பும் தொடங்குகிறது. இன்று எத்தனை மைல் வந்தோம், தண்ணீர் எப்படி இருந்தது, மாட்டுக்குப் புல் கிடைத்ததா, மழை விட்டதா. ஐந்து மாதத்துக்கு மேல் இதே கணக்குதான். நடுநடுவே உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு வரி வரும். என்ன நோய் என்று சொல்லமாட்டார். செப்டம்பரில், கடைசிப் பக்கத்துக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது: எட்டாவது குழந்தை பிறந்துவிட்டது. வழி முழுக்க அவர் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்திருக்கிறார். அதுவரை அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடாமல் மறுபடி முதல் பக்கத்துக்கே போனேன். ஆற்றைக் கடந்த நாள், சேற்றில் நடந்த நாள், மாடு செத்து விழுந்த நாள் என்று ஒவ்வொன்றும் இப்போது வேறாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மேற்குக் குடியேற்றம் பற்றிய எழுத்து ஒரு பெருங்கடல்: நாட்குறிப்பு, கடிதம், நினைவுக் குறிப்பு, நாவல், சிறுவர் கதை, வரலாற்று ஆய்வு. எழுதியதைப் படிப்பதோடு, எழுதாமல் விட்டதையும் தேடிப் படித்தால்தான் அந்தப் பயணம் முழுதாகப் பிடிபடும் என்பது என் எண்ணம்.

மிசூரி மாநிலத்து இன்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து ஓரிகனுக்கு ஏறக்குறைய 2,000 மைல். நாலு முதல் ஆறு மாதம் ஆகும். வண்டிப் பெட்டி பத்தடி நீளம், நாலடி அகலம் இருக்கும். மேலே எண்ணெய் ஊட்டிய கித்தான் கூண்டு. அதில் ஏறும் பாரம் ஒரு டன் அளவு. மாவும் உப்பிட்ட பன்றிக்கறியும் காப்பிக்கொட்டையுமே பெரும்பகுதி. பெரும்பாலான குடும்பங்கள் குதிரையைவிடக் காளையையே நம்பின. விலை குறைவு, வழியில் கிடைத்த புல்லைத் தின்றே நடக்கும். வண்டிக்குள் மனிதருக்கு இடமில்லை. ஓட்டுபவர் காளைக்கு இடப்பக்கமாக நடந்தே ஓட்டுவார். நோயாளியும் கைக்குழந்தையும் தவிர எல்லோருக்கும் நடைதான்.

வண்டியின் பின்புறம் தாரும் கொழுப்பும் குழைத்த மசகு வாளி தொங்கும். வறண்ட மேட்டுநிலத்தில் சக்கரத்தின் மரம் காய்ந்து சுருங்கி, இரும்புப் பட்டை கழன்று விழப் பார்க்கும். இடுக்கில் ஆப்பு அடிப்பார்கள்; இல்லாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் இரவு முழுக்க ஊறப்போடுவார்கள். மரமே இல்லாத சமவெளியில் பைசன் எருமையின் உலர்ந்த சாணம்தான் அடுப்புக்கு. அதைக் கையால் தொடக் கூசிய பெண்கள் சில வாரங்களில் மடி நிறையப் பொறுக்கி வருவதை நாட்குறிப்புகளில் பார்க்கலாம். வரட்டி தட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூச்சம்தான் புதிதாக இருக்கும்.

சக்கரத்தடியில் விழுந்து செத்த குழந்தைகள் எத்தனையோ. நைட்டின் மகன் ஒருவனும் விழுந்தான், தப்பித்தான். மகள் லூசியை ஒருநாள் ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். வேறு வண்டிகள் ஆற்றைக் கடப்பதை அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக அவளைப் பார்த்துக்கொள்பவரின் வண்டியில் இருப்பாள் என்று தாய் நினைத்துக்கொண்டார். சில மைல் போய் மாடுகளை இளைப்பாற விட்டபோது, பின்னால் வந்த கூட்டம் அவளைக் கொண்டுவந்து சேர்த்தது. அதன் பிறகுதான் குழந்தையைக் காணோம் என்பதே தெரிந்தது. இதையும் நைட் சில வரிகளில் எழுதிவிட்டு மேலே போகிறார்.

இந்த நாட்குறிப்புகள் நெடுங்காலம் பரண்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் கிடந்தன. 1970களின் கடைசியில் நிலைமை மாறியது. ஜான் அன்ரூ தன் முனைவர் பட்ட ஆய்வை விரித்து எழுதிய நூல் 1979இல் வந்தது; அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1840 முதல் 1860 வரையான தரைவழிப் பயணத்தை அவர் எண்ணிக்கையோடு ஆராய்ந்தார். மேற்கே போனவர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம். அந்த இருபது ஆண்டுகளில் பூர்வகுடிகள் கொன்ற பயணிகள் 362 பேர். பயணிகள் கொன்ற பூர்வகுடிகள் 426 பேர். வண்டிகளை வட்டமாக நிறுத்திச் சுட்டுக்கொண்டிருக்கும் சினிமாக் காட்சியை இந்த இரண்டு எண்களும் சாய்த்துவிட்டன. உண்மையான எமன் காலரா. அதற்கடுத்து விபத்தும் ஆற்றுவெள்ளமும். அதே 1979இல் ஜான் மாக் ஃபாரகரின் ஆய்வும், 1982இல் லில்லியன் ஷ்லிசலின் தொகுப்பும் வெளிவந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் எழுத்தைப் படித்து ஷ்லிசல் உருவாக்கிய அந்தத் தொகுப்பே இந்தத் துறையில் நுழைய நல்ல வாசல். நைட்டின் மௌனத்தை வாசகர் கவனத்துக்குக் கொண்டுவந்ததும் அதுதான்.

பயணம் முடிந்ததும் நிலம். 1862 மே 20 அன்று லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். இருபத்தொரு வயதானவர், அல்லது குடும்பத் தலைவர், சிறு கட்டணம் கட்டி 160 ஏக்கர் எடுக்கலாம். ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிரிட்டால் பட்டா. மணமாகாத பெண்ணுக்கும் உரிமை உண்டு. சுமார் 16 லட்சம் பட்டாக்கள் வழியாக ஏறக்குறைய 27 கோடி ஏக்கர் கைமாறியது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. அதற்கு ஆறு நாள் முன்பு, 1862 டிசம்பர் 26 அன்று, மினசோட்டாவின் மங்கேட்டோ ஊரில் டகோட்டா பூர்வகுடியினர் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு டகோட்டா மக்களை அந்த மாநிலத்திலிருந்தே வெளியேற்றினார்கள். இந்த இரண்டு தேதிகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசாத குடியேற்ற வரலாறு எதையும் என்னால் முழுமையாக நம்ப முடிவதில்லை.

சிறுவர் கதை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டர் இங்கேதான் வருகிறார். 1935இல் வந்த அவருடைய புல்வெளி வீட்டுக் கதை, கான்சஸில் தந்தை வீடு கட்டுவதைச் சொல்கிறது. சுவருக்கு மரத்தடி அடுக்குவது, கதவுக்கு ஆணியில்லாமல் கீல் செய்வது எல்லாம் படிப்பவர் கையால் செய்துபார்க்கும் அளவுக்குத் துல்லியம். அதில் எனக்கு இன்றும் வியப்பு குறையவில்லை. ஆனால் அந்த நிலம் ஓசேஜ் பூர்வகுடி மக்களுடைய ஒதுக்கீட்டு நிலம். இங்கல்ஸ் குடும்பம் அங்கே உரிமையில்லாமல் குடியேறியது. முதல் பதிப்பில், அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள்தான் இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. ஒரு வாசகரின் கடிதத்துக்குப் பிறகு 1953 பதிப்பில் ‘மனிதர்கள்’ என்பது ‘குடியேறிகள்’ ஆனது. 1876இல் இறந்த தம்பியையும் வைல்டர் கதைத்தொடரில் சேர்க்கவில்லை. 1930 வாக்கில் பெரியவர்களுக்காக அவர் எழுதி, 2014இல்தான் அச்சேறிய தன்வரலாற்றில் அந்தச் சாவு இருக்கிறது. கரோலின் ஃபிரேசர் 2017இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இந்த இடைவெளிகளைப் பொறுமையாக நிரப்புகிறது.

நெப்ராஸ்காவில் சாலமன் பட்சர் 1886 முதல் எடுத்த புகைப்படங்களில் புல்வேரோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடுகளைப் பார்க்கலாம். ஒரு படத்தில் குடும்பத்தினர் தங்கள் ஆர்கன் பெட்டியை வெளியே இழுத்துவந்து அதன் பக்கத்தில் நிற்கிறார்கள், வீட்டைக் காணோம். மண்வீட்டில் இருப்பதைக் கிழக்கே உள்ள உறவினர் பார்த்துவிடக் கூடாது என்று அந்த வீட்டுப் பெண் நினைத்தாராம்.

எலினோர் புரூயிட் ஸ்டூவர்ட் வயோமிங்கிலிருந்து எழுதிய கடிதங்கள் 1914இல் நூலாயின. தனிப்பெண்ணாக நிலம் எடுத்த உற்சாகம் அவற்றில் பொங்குகிறது. நிலத்துக்குப் பதிந்த சில நாளிலேயே அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதைக் கடிதங்கள் வெகுநாள் மறைத்து வைத்திருந்தன. ரோல்வாக் நார்வே மொழியில் எழுதிய நாவலில் வரும் பெரெட், மரமில்லாத வெளியில் மறைய இடமில்லையே என்ற பயத்தில் மனம் சிதைகிறாள். தெற்கு டகோட்டாவில் நிலம் எடுத்த கறுப்பினத்தவர் ஆஸ்கர் மிஷோ. தன் அனுபவத்தை 1913இல் நாவலாக்கினார். அதே வாழ்க்கையிலிருந்து 1917இல் எழுதிய இன்னொரு நாவலை 1919இல் தானே படமெடுத்தார். இவரை வெறும் சினிமா முன்னோடியாக மட்டும் பேசுவது அநியாயம்.

1883இல் வந்த சாரா வின்னமக்காவின் தன்வரலாறு இந்த வரிசையில் எனக்கு மிக முக்கியம். நெவாடாவின் பையூட் இனப் பெண் அவர். சிறுமியாக இருந்தபோது ஒருநாள் வெள்ளையர் வருகிறார்கள் என்ற செய்தி வந்தது. வெள்ளையர் மனிதரைத் தின்பவர்கள் என்ற பேச்சு அதற்கு முன்பே பரவியிருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாத நிலையில் அவருடைய தாயும் சித்தியும் தங்கள் மகள்களைக் குழிதோண்டிக் கழுத்துவரை புதைத்தார்கள். முகத்தில் வெயில் படாதிருக்கச் செடிகளை நட்டு மறைத்தார்கள். அழக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு சிறுமிகளும் பகல் முழுக்க அப்படியே கிடந்தார்கள். இருட்டிய பிறகு தாய்மார் திரும்பிவந்து தோண்டி எடுத்தார்கள். அந்தக் காலத்தில்தான், தன் மக்கள் மலைக்குள் ஒளிந்திருந்தபோது, குளிர்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த உணவையெல்லாம் வெள்ளையர் கொளுத்திவிட்டுப் போனார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.