‘நான் யார்?’: ஒரு சிறு நூலின் ஆராய்ச்சி

அகந்தை பொய்யென்று கூறும் நூல்கள் பல. அதனைக் கற்பவனே கண்டுகொள்ளுமாறு செய்வன மிகச் சிலவே. ரமண மகரிஷிகளின் ‘நான் யார்?’ அச்சிலவற்றுள் ஒன்று.

1896இல் திருவண்ணாமலையை அடைந்த மகரிஷிகள் விரூபாக்ஷ குகையிற் பெரும்பாலும் பேசாதிருந்த காலத்தில், ஏறத்தாழ 1902ஆம் ஆண்டளவில், வருவாய்த்துறை அலுவலரும் தத்துவம் பயின்ற பட்டதாரியுமாகிய சிவப்பிரகாசம் பிள்ளை சில வினாக்களை விடுத்தார். விடைகள் எழுத்தாலேயே கிடைத்தன. அவை 1923இல் அச்சேறின. பின்னர் மகரிஷிகளே அவற்றைக் கட்டுரையாக்கினர்.

நூலின் தொடக்கத்தே உடம்பு நானன்று, பொறிகள் நானல்ல என நீளும் ஒரு பட்டியல் உண்டு. அது பிள்ளையவர்கள் தாம் முன்னரே கற்ற மரபினின்றும் சேர்த்தது என்பர். கூர்ந்து நோக்குவார்க்கு அவ்வேறுபாடு தானே புலனாகும். பட்டியலை மனனஞ் செய்யலாம். செய்தபின்னும் மனனஞ் செய்த ‘நான்’ குறையாது நிற்கும், சிறிது பெருமிதத்தோடு! நூலின் உயிர் பிறிதோரிடத்துளது. எண்ணம் எழுந்தோறும் அஃது எவனுக்கு எழுந்தது என நாடி, எழுந்த இடத்துக்கே மீளுமாறு பணிக்கும் பகுதியே அது. அவ்வினாவும் இறுதியில் பிணஞ்சுடு தடிபோல் தானும் எரிந்தொழியும் என்னும் உவமை, வேதாந்த நூல்களிற் பயின்ற கயிற்றரவினும் பொருத்தமுடையதென்பது எம் துணிபு.

சைவசித்தாந்தம் கற்றோர் ஈண்டுத் தடை எழுப்புவர். ஆணவம் செம்பிற் களிம்புபோல் அநாதியே உள்ளது. வெறுந் தோற்றமாயின் அத்தோற்றம் யாருக்கு? தடை வலியதே. அகந்தை ஏன் தோன்றிற்று என்பதனை இந்நூல் விரித்துரையாது. அதனைக் குறையென்பாரும் உளர். யாம் அடக்கம் என்போம். ஆயினும் சரணாகதி பற்றிய பகுதியில் இரு நெறியும் அணுகி வருகின்றன. புகையிரதம் சுமையனைத்தையும் தாங்கிச் செல்ல, ஏறியவன் தன் சிறு மூட்டையைத் தலைமேற் சுமப்பானேன் என்கிறது நூல். கம்பளை நிலையத்தில் மூட்டையுடன் ஏறுவோரைக் கண்ட நமக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை.

மலைநாட்டிலிருந்து இந்நூலைக் கற்பார்க்கு வேறொரு தடையும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு வழி பிறக்க 2003 வரை செல்லவேண்டியிருந்தது. பதிவேட்டில் இடம் மறுக்கப்பட்டவனிடம் உன் ‘நான்’ பொய்யென்றல் ஞானமாகுமா? கொடுமையன்றோ?

நூலின் தலைப்பே இதற்கு விடை தருகின்றது. ‘நீ யார்?’ என்பது அதிகாரியின் வினா. அதற்குச் சான்றிதழ் காட்டல் வேண்டும். ‘நான் யார்?’ என்பதனையோ ஒருவன் தன்னையே வினவலாம். பிறன்மேல் ஏவ இயலாது. பிறனுடைய கூலியையும் குடியுரிமையையும் மாயையென்று தள்ளுவோன் இந்நூலின் முதற் சொல்லையே கற்றானல்லன். வினவிய பிள்ளையவர்களும் தம்மைப் பற்றியே வினவினர்.

இக்காரணம் பற்றியே மாணவர்க்குக் கட்டுரை வடிவினும் வினாவிடை வடிவே ஏற்றதென யாம் கருதுகின்றோம். கட்டுரையில் வினவியவர் மறைந்துவிடுகின்றார்.